பிரசவ அறைக்கு ஒரு தரை

மருதங்கோட்டகம்,
முத்துப்பேட்டை வழி.
18.2.1973

அண்ணன் சகாயநாதனுக்கு விண்ணரசி எழுதுவது.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சண்டையைத் தொடரவும் எழுதவில்லை, முடிக்கவும் எழுதவில்லை. எனக்கு ஒரு தரை வேண்டும். அதைப் பற்றிக் கேட்க எனக்குத் தெரிந்த கொத்தனார் நீங்கள் ஒருவர்தான்.

நான் நர்ஸாக இருக்கும் சுகாதார நிலையம் உங்களுக்குத் தெரிந்த இடம்தான், நம் ஊர்ப் பழைய நெல் கிடங்கு. முன்னறையில் தங்கிக்கொண்டு பின்னறையில் பிரசவம் பார்க்கிறேன். பின்னறைக்கு மண்தரை, சாணி மெழுகுவார்கள். சாணி மெழுகிய இடத்தில் பிரசவம் பார்க்கக் கூடாது என்று ட்ரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தரையை எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. மேலே எழுதிக் கேட்டால் வரும் என்கிறார்கள்.

கார்த்திகையில் குயவர் கோவிந்தராசுவின் மருமகளுக்கு இங்கே ஆண் பிள்ளை பிறந்தது. ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு வாய் இறுகிப் பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாக விறைத்துச் செத்துப்போனது. இரண ஜன்னி, டெட்டனஸ். பொங்கல் கழித்துக் கோவிந்தராசு ஒரு வண்டி தட்டோடு, தரையில் பதிக்கிற சுட்ட ஓடு, கொண்டுவந்து வாசலில் இறக்கினார். "கையால தட்டுனது. நல்லா வெந்ததாப் பொறுக்கியிருக்கேன். இனிமே இந்த அறையில மண்ணு வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த மோரைக் குடிக்காமல் போனார்.

ராசு என்று விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர் ஒருவர் அந்த ஓடுகளைப் பதித்துக் கொடுத்தார். கொஞ்சம் கொத்து வேலை தெரிந்தவர். கையால் செய்த ஓடு அல்லவா, ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஓட்டுக்கு ஓடு விரல் அகலம் சந்து விழுந்திருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பும் மணலும் குழைத்து அதில் அடைத்தார். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பினாயில் விட்டுக் கழுவினால் சந்திலிருந்து மாவு மாதிரி கரைந்து வருகிறது. போன வாரம் ஒரு பிரசவம் முடிந்ததும் சந்தில் தேங்கிய ரத்தத்தை விளக்குமாற்றுக் குச்சியால் நோண்டி எடுத்தேன்.

எதைப் போட்டு அடைத்தால் நிற்கும்? எழுதினால் போதும்.

விண்ணரசி


தஞ்சாவூர்
26.2.1973

அன்புள்ள தங்கை விண்ணரசிக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு வருடம் கழித்து எழுதுகிறவள், அண்ணன் இருக்கிறானா செத்தானா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். இருக்கிறேன். உன் அண்ணி அருள்செல்விக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை. அவள் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இப்போது தரை. சந்து அடைப்பதுதான் தட்டோட்டுத் தரையில் பாதி வேலை. பதிக்கும்போது காட்டுகிற கவனத்தை அடைக்கும்போது யாரும் காட்டுவதில்லை, அதற்குள் எல்லோருக்கும் இடுப்பு விட்டுப்போகும்.

எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். ஓட்டின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார். உடனே குடிக்கிறதா, கொஞ்சம் நேரம் நிற்கிறதா? தட்டினால் மணி மாதிரி கேட்கிறதா, சட்டி மாதிரியா? ராசு எந்த மணலைப் போட்டான், எந்தத் தண்ணீரில் குழைத்தான்? கடற்கரை மணல் என்றால் மேலே படிக்க வேண்டாம், எல்லாவற்றையும் நோண்டி எடுத்து எறி.

சிமெண்ட் கலவை ஊற்றிவிடலாம் என்று அங்கே யாராவது சொல்வார்கள். கேட்காதே. பர்மிட் இல்லாமல் சிமெண்ட் கிடைக்காது என்பது ஒரு பக்கம். கிடைத்தாலும், வெறும் சிமெண்ட் ஓட்டை விடக் கெட்டி. கையால் செய்த ஓடு மெத்து. வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஓடு அசையும்போது சந்து அசையாது, ஓட்டின் விளிம்பு உடையும். ஒரு வருடத்தில் தரை முழுக்கப் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும்.

கேட்டதற்குப் பதில் எழுது.

சகாயநாதன்


மருதங்கோட்டகம்
7.3.1973

அண்ணனுக்கு,

இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். அண்ணிக்கு ஒரு தைலம் பெயர் கீழே எழுதியிருக்கிறேன், இரவில் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஓடு தண்ணீரை உடனே குடிக்கிறது. தட்டினால் பாதி மணி, பாதி சட்டி. மணல் ஆற்று மணல்தான், பாமணியாற்றிலிருந்து வந்தது. தண்ணீர் நம் தெருக் கிணற்றுத் தண்ணீர். அதன் ருசி உங்களுக்கு மறந்திருக்காது. இந்த வருடம் வாயில் வைக்க முடியவில்லை, உப்பு. ஆறு வறண்டுவிட்டது. குடிக்கிற தண்ணீரைப் பெண்கள் வடக்கே கோயில் குளத்திலிருந்து எடுத்துவருகிறார்கள். வெயிலில் போக ஒரு மணி நேரம், வர அதற்கு மேல். வீட்டுக்கு ஒரு குடம், இரண்டு குடம். அதில் கலவை குழைக்கக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் எழுதுவீர்கள் என்று ஆயா காளியம்மாளிடம் சொன்னேன். இங்கே எனக்கு உதவியாக இருப்பவள் அவள்தான். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "யாரு, பண்ணைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த மேஸ்திரியா?" என்றாள். உங்களுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். நீங்கள் குத்தகையை விட்டுக்கொடுத்த அடுத்த வருடமே தாசில்தார் வந்து சாகுபடி செய்கிறவர்கள் பெயரை எல்லாம் பதிந்துகொண்டு போனார். நம் அப்பா இருபத்தைந்து வருடம் சேற்றில் நின்ற நிலத்துக்கு எதிரே யாருடைய பெயரும் இல்லை. பண்ணை இப்போது அதைச் சொந்தச் சாகுபடி என்கிறது.

இதை எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. எழுதிவிட்டேன், கிழிக்கத் தெம்பில்லை.

ராசுவின் மனைவி ஜெயாவுக்குச் சித்திரைத் தொடக்கத்தில் பிரசவம். தலைப்பிள்ளை. அதற்குள் தரை ஆக வேண்டும்.

விண்ணரசி


தஞ்சாவூர்
15.3.1973

தங்கைக்கு,

உன் தரைக்குக் கேடு தண்ணீர்தான். சுண்ணாம்பைக் குறை சொல்லாதே. முத்துப்பேட்டைக் கிளிஞ்சல் சுண்ணாம்பு நல்ல சரக்கு. உப்புத் தண்ணீரில் குழைத்தால் காயக் காய உப்பு மேலே வந்து பூக்கும், கலவையை உள்ளிருந்தே அரிக்கும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய கலவையை ஓட்டின் அரை உயரத்துக்காவது நோண்டி எடு. கூர் ஆணியும் சின்னச் சுத்தியும் போதும், ஓட்டு விளிம்பில் அடி படக் கூடாது. அறையை நன்றாகக் காயவிடு. பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதே, அது திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்த தேங்காய் நாரால் தேய்த்து, கூட்டி வாரி வெளியே கொட்டு. மறுபடி பூக்கும், மறுபடி தேய். பூப்பது நின்ற பிறகு ஓட்டின் முகத்துக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் துணியில் தொட்டு இரண்டு தரம் தடவு. பெயிண்ட் கடையில் கிடைக்கும். முகம் எண்ணெய் குடித்திருந்தால்தான் கலவைக் கறை ஓட்டில் ஏறாது. விளிம்பில் எண்ணெய் படவே கூடாது, பட்டால் கலவை பிடிக்காது.

கலவை: சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு, சிமெண்ட் கால் பங்கு. தினம் பினாயில் விட்டுக் கழுவுகிற அறை என்பதால்தான் அந்தக் கால் பங்கு. அதற்கு மேல் ஒரு பிடி கூடாது. சுர்க்கிக்குக் கோவிந்தராசு ஓட்டிலேயே உடைந்ததை இடித்துச் சலித்துக்கொள். சிமெண்ட் நான் அனுப்புகிறேன், ஒரு வீட்டு வேலையில் மிச்சம் இருக்கிறது, வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டேன்.

நல்ல தண்ணீருக்கு வழி இருக்கிறது. பண்ணைப் பம்புசெட்டில் தண்ணீர் இனிப்பு. காரியக்காரர் ரெங்கசாமிக்கு நான் ஒரு வரி எழுதினால் ஒரு பீப்பாய் அனுப்பிவிடுவார்.

கையெழுத்து விஷயம். நீ மதுரையில் ட்ரெய்னிங்கில் இருந்தாய். அந்த ஐப்பசியில் அப்பாவுக்குக் கால் இரண்டும் வீங்கி வெடித்து, கட்டிலோடு தூக்கி வரப்பு வரப்பாக நடந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தது நானும் அருள்செல்வியும். மழை. வயலில் நாற்று அழுகிக் கிடந்தது. அறுப்புக்கு ஆள் வரக் கூடாது என்று ஒரு கட்சி, குத்தகையை அளந்தே ஆக வேண்டும் என்று பண்ணை. எந்தப் பக்கம் போனாலும் அடி விழும். அந்த நிலைமையில் ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஒருவன் கையெழுத்துப் போடுவான். இன்றைக்குக் கேட்டாலும் போடுவேன். உனக்கு நிலம் போனது தெரிகிறது. அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில், காய்ந்த இடத்தில், வலி குறைந்து செத்தார். அதை நீ எந்தக் கணக்கில் வைப்பாய்?

தண்ணீருக்கு எழுதட்டுமா?

சகாயநாதன்


மருதங்கோட்டகம்
24.3.1973

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம்.

தாளடி அறுப்பில் கூலிச் சண்டை வந்தது. கேட்ட நெல்லைப் பண்ணை அளக்கவில்லை, நம் தெரு ஆட்கள் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள், கூடவே தடி வைத்திருந்தவர்களும் இறங்கினார்கள். நான் பின்னறையில் பிரசவம் பார்ப்பதற்குப் பதிலாக மண்டைக்குத் தையல் போட்டேன். உங்கள் ரெங்கசாமி களத்து மேட்டில் குடை பிடித்துக்கொண்டு நின்றார் என்கிறார்கள். போலீஸ் வந்து அடிபட்டவர்களையே ஏற்றிக்கொண்டு போனது. ராசு திருச்சி ஜெயிலில் இருக்கிறார்.

இந்த நிலையில் பண்ணைத் தண்ணீர் இந்த வாசலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

சந்துகளை எல்லாம் நானும் காளியம்மாளும் நோண்டி முடித்துவிட்டோம். ஓட்டின் விளிம்பு இரண்டு இடத்தில் தெறித்தது, நான்தான். உப்பை நாரால் தேய்க்கிறோம், மறுநாள் காலையில் மறுபடி பூத்திருக்கிறது. ஜெயா நிறை வயிற்றோடு வந்து வாசலில் உட்கார்ந்து உடைந்த ஓட்டை உலக்கையால் இடித்துக் கொடுக்கிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. "வீட்டுல இருந்தா அவரு நெனப்பாவே இருக்கும்மா. இதையாச்சும் இடிக்கிறேன்" என்கிறாள்.

சிமெண்ட் வந்து சேர்ந்தது. நன்றி.

அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று தரம் படித்தேன்.

ஆற்றில் தண்ணீர் வரும்வரை காத்திருக்கலாம் என்று பார்த்தால் ஆனி ஆகிவிடும். அதற்குள் ஈஸ்டருக்கு முன்னால் ஒரு கோடை மழை பெய்தால் கூரைத் தண்ணீரைப் பிடித்துவைக்கலாம். வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விண்ணரசி


தஞ்சாவூர்
2.4.1973

தங்கைக்கு,

மழை வரும் என்று ஒரு கலவையும் காத்திருக்காது. சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் காற்றுக்கு இறுகிப்போகும், சிமெண்ட் கட்டி தட்டும். சித்திரை பிறக்கப் போகிறது. அந்தப் பெண்ணுக்கு நாள் நெருங்குகிறது என்று நீதான் எழுதினாய்.

நீ வேண்டாம் என்றாய். எனக்கு மனம் கேட்கவில்லை. ரெங்கசாமிக்கு எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர், இதில் கட்சி என்ன கொடி என்ன? நோய்க்குக் கட்சி தெரியாது. வண்டி வரும்போது பீப்பாயை இறக்கி வைத்துக்கொள். மூடி வை.

கோபப்படாதே.

சகாயநாதன்


மருதங்கோட்டகம்
27.4.1973

அண்ணனுக்கு,

கோபப்பட எனக்குத் தெம்பில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பண்ணை வண்டி பட்டப்பகலில் தெரு நடுவே வந்தது. வண்டிக்காரன் சும்மா வந்திருக்கலாம். "நர்ஸம்மா அண்ணன் கேட்டாராம், அய்யா குடுத்துவுட்டாரு" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சொல்லிக்கொண்டே வந்தான். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். நான் திருப்பி அனுப்பினேன். வண்டி திரும்பும்போது ஆட்டத்தில் பீப்பாய்த் தண்ணீர் வழிந்து தெருப்புழுதியில் கோடு போட்டுக்கொண்டு போனது. வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிற பெண்கள் அதை நின்று பார்த்தார்கள். ஜெயாவும் பார்த்தாள். புருஷன் ஜெயிலில் இருக்கிறான்.

மறுநாளிலிருந்து யாரும் வரவில்லை. காளியம்மாள் மட்டும் வந்தாள், பேசாமல் வேலையை முடித்துவிட்டுப் போனாள். ஜெயாவின் உலக்கை வாசலில் கிடந்தது.

அவளுக்கு வலி எடுத்தபோது என்னைக் கூப்பிட ஆள் வரவில்லை. வீட்டிலேயே பெற்றாள், மாமியார் பார்த்தாள். சேதி காதில் விழுந்து நான் ஓடும்போது கொடி அறுத்து முடிந்திருந்தது. அரிவாளால். தொப்புளில் சாம்பல் வைத்திருந்தார்கள். பெண் குழந்தை. கழுவி மருந்து போட்டேன். கர்ப்பிணிகளுக்கு முன்கூட்டிப் போடுகிற தடுப்பூசி மருந்து மாசியிலிருந்து வரவில்லை. தினம் போனேன். கதவைத் திறந்தார்கள், உட்காரச் சொல்லவில்லை. எட்டாம் நாள் காலையில் ஜெயா மட்டும் பேசினாள். "மாருல வச்சா வாயத் தொறக்க மாட்டேங்குதும்மா."

முத்துப்பேட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். திரும்பி வரும்போது குழந்தையை நான் வைத்திருந்தேன். கண்டக்டருக்குத் தெரியக் கூடாது என்று ஜெயா என் மடியில் கிடந்த துணியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.

என் அறையில் பெற்றிருந்தால் பிழைத்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. சந்து நோண்டிய பாதித் தரைதான் அங்கேயும். அரிவாள், சாம்பல், வராத மருந்து எல்லாம் இருக்கிறது. நீங்கள் ஒருவர்தான் காரணம் என்று எழுதினால் அது பொய். ஆனால் நான் வேண்டாம் என்று எழுதியிருந்தேன் அண்ணா.

விண்ணரசி


தஞ்சாவூர்
10.5.1973

அரசி,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. அருள்செல்விக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை வருகிறேன். கரணை, சல்லடை, சாக்கு எல்லாம் கொண்டுவருகிறேன். தண்ணீரும் கொண்டுவருகிறேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை நன்றாகத் தேய்த்துக் காயவைத்து, இங்கே முனிசிபாலிட்டி குழாயில் பிடித்து ஈயம் வைத்து மூடியிருக்கிறேன். எட்டுத் தகரம். திருவாரூரில் ரயில் மாற வேண்டும், மாறுகிறேன். பண்ணையின் சொட்டுத் தண்ணீர் இல்லை.

வர வேண்டாம் என்று எழுதாதே. உன் பதில் இங்கே வரும்போது நான் அங்கே இருப்பேன்.

சகாயநாதன்


தஞ்சாவூர்
22.5.1973

அரசிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தரை மேல் பரப்பிய ஈர வைக்கோலையும் சாக்கையும் இரண்டு வாரத்துக்கு எடுக்காதே. ஈரம் காயக் கூடாது, அதே சமயம் தண்ணீரைத் தேக்கியும் வைக்காதே. இது சுண்ணாம்பு, சிமெண்ட் மாதிரி அவசரப்படாது. நடுவில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் பயப்படாதே, குழைக்காத மிச்சக் கலவை மூட்டையில் இருக்கிறது, தண்ணீராகக் கரைத்து விரலால் தேய்த்து விடு. சந்தை ஓட்டு மட்டத்துக்குச் சமமாக வழித்திருக்கிறேன். வீட்டுத் தரைக்குக் கொஞ்சம் குழிவாக விட்டால் அழகு. உன் அறைக்கு அழகு வேண்டாம், ஒன்றும் தங்கக் கூடாது.

நீ முதல் நாள் முழுக்க அம்மை ஊசி போடப் போய்விட்டாய். வேண்டுமென்றே போனாயோ என்று நினைத்தேன். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் பிடித்த மாட்டு வண்டியைத் தெருமுனையில் நிறுத்தினார்கள். நாலைந்து பேர், இரண்டு பேர் தலையில் தையல் தழும்பு. ஒருவன், "எங்க வந்தீங்க மேஸ்திரி?" என்றான். "சந்து அடைக்க" என்றேன். "தகரத்துல என்ன?" "தண்ணி." "யாரு தண்ணி?" "தஞ்சாவூர்க் குழாய்த் தண்ணி. ரயில்ல வருது." ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தகரத்தைத் திறக்கச் சொல்லி, கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தார்கள். வழிவிட்டார்கள். தூக்க ஒரு கை கொடுக்கவில்லை. எட்டுத் தகரத்தையும் நானே தூக்கினேன். அதில் எனக்கு வருத்தமில்லை, நான் தூக்க வேண்டியதுதான்.

கலவையைக் குழைத்து மூலையிலிருந்து தொடங்கினேன். தனியாளாக அடைப்பதும் துடைப்பதும் முடியாது. அடைத்தவுடன் ஒருவர் பின்னாலேயே ஈரச் சாக்கால் துடைத்து வர வேண்டும், இல்லையென்றால் ஓட்டில் இறுகிவிடும். இரண்டு வரி முடிப்பதற்குள் முழங்கால் விட்டுப்போயிற்று. அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். யாரென்று தெரியாது. மெலிந்த பெண். மார்புப் பக்கம் ரவிக்கை நனைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

உள்ளே வந்து உட்கார்ந்து சாக்கை எடுத்தாள். "எப்படித் தொடைக்கணும்?" என்றாள். "கோணலா, சந்துக்குக் குறுக்கே. நேரா இழுத்தா கலவை வெளிய வந்துரும்" என்றேன். சாயங்காலம் வரைக்கும் துடைத்தாள். நான் ஒரு தரம், "அம்மா, அந்தத் தண்ணி வண்டி நான் சொல்லித்தான்..." என்று ஆரம்பித்தேன். "வேலயப் பாருங்கண்ணே, காஞ்சிரும்" என்றாள்.

ராத்திரி நீ சோறு போட்டாய். சாப்பிட்டுவிட்டு வாசலில் படுத்துக்கொண்டேன். மறுநாள் வேலை முடிந்ததும் சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டேன். இருக்கச் சொல்வாயோ என்று கொஞ்சம் மெதுவாகத்தான் கரணையைக் கழுவினேன்.

தண்ணீர் கவனம். இரண்டு தகரம்தான் மிச்சம் வைத்துவிட்டு வந்தேன். போதாது என்று தெரியும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

சகாயநாதன்


மருதங்கோட்டகம்
1.7.1973

அண்ணனுக்கு,

பதில் தாமதம். கை ஒழியவில்லை. மேட்டூர் திறந்து, இங்கே கடைமடைக்கு முந்தாநாள்தான் தண்ணீர் வந்தது. வாய்க்காலில் நுரையும் குப்பையுமாக வந்ததைத் தெருவே போய் நின்று பார்த்தது. நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டது, கூலி இன்னும் பேசி முடியவில்லை. மறுபடி சண்டை வரும். தையல் நூல் கேட்டு எழுதியிருக்கிறேன்.

நீங்கள் வைத்துவிட்டுப் போன இரண்டு தகரமும் நாலு நாளில் தீர்ந்துவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் சாக்கு காய்ந்துகொண்டிருந்தது, நான் கிணற்றடியில் உப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காளியம்மாள் குளத்திலிருந்து வந்தவள் குடத்தை இறக்காமல் நேரே பின்னறைக்குப் போய், ஒரு சொம்பு சாய்த்து வைக்கோல் மேல் தெளித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் அப்படியே. சாக்கை எடுக்கிறவரை தினம் காலையில் அதே மாதிரி. அத்தனை தூரம் தலையில் வந்த குடிதண்ணீர். நான் வாசலில் நின்று நன்றி சொல்லப் பார்த்தேன், "நகருங்கம்மா, கனக்குது" என்றார்கள்.

தரை நிற்கிறது. இரண்டு மயிரிழை வெடிப்பு வந்தது, நீங்கள் சொன்னபடி தேய்த்துவிட்டேன். உப்புப் பூக்கவில்லை. தண்ணீரை ஊற்றினால் சந்தில் நிற்காமல் வாசல் பக்கம் ஓடுகிறது. நிறம்கூட ஓட்டின் நிறத்தோடு ஒட்டிப்போய்விட்டது, எது ஓடு எது சந்து என்று குனிந்து பார்க்க வேண்டும்.

முதல் பிரசவம் காளியம்மாள் மகளுக்கு. அவளே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆண் பிள்ளை. தடுப்பூசி மருந்தும் ஒருவழியாக வந்துவிட்டிருந்தது, அதனால் தரையால்தான் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். எட்டாம் நாள் விடிவதற்கு முன்னால் போய்க் கதவைத் தட்டினேன். பிள்ளை மாரில் வாயை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். காளியம்மாள் காப்பி கொடுத்தாள்.

ராசு ஜாமீனில் வந்துவிட்டார். ஜெயாவும் அவரும் ஒருநாள் வந்து பின்னறையைப் பார்த்தார்கள். அவர் குனிந்து சந்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்ல கைதான்" என்றார். ஜெயா உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றாள். வர நாளாகும்.

நிலத்தைப் பற்றி. நீங்கள் போட்ட கையெழுத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா வலி இல்லாமல் போனார் என்பதையும் மறுக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன். இனிமேல் யோசிக்கப் போவதில்லை.

அன்றைக்கு நீங்கள் கரணையை மெதுவாகக் கழுவியதைப் பார்த்தேன். இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆவணியில் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வாங்க. இங்கே மாடி இல்லை, அவருக்குக் கஷ்டம் இருக்காது. எனக்குக் கோபம் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். கோபத்தோடேயே வாங்க, கோபத்தோடேயே சோறு போடுகிறேன்.

விண்ணரசி